இந்த ட்சுபா எந்தக் காலத்தது? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். டோக்கியோவில் ஒரு பழம்பொருள் சந்தையில் ஜப்பானிய வாளின் கைக்காப்புத் தகடு, அதாவது ட்சுபா, ஒன்று வாங்கினேன். இரும்பு, டிராகன் உருவத்தைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். ‘எச்சிசென் ஜூ கினாய்’, அதாவது ‘எச்சிசென் பகுதியில் வாழும் கினாய்’ என்று செய்தவர் பெயர் பொறிப்பு. இந்தப் பெயரைப் பல தலைமுறையினர் போட்டிருக்கிறார்கள், போலிகளும் உண்டு. அதனால் பெயரை மட்டும் வைத்து நம்பத் தயாரில்லை.

வாளின் அடித்தண்டு நுழையும் துளையில் மேலும் கீழும் செம்பு அடைத்திருக்கிறது. சுற்றிலும் உளித் தடம். குடைந்த இடங்களின் உட்சுவரில், அச்சில் வார்த்த போலி என்று காட்டும் வார்ப்புக் கோடு தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன், இல்லை. படங்கள் கீழே.

ஜப்பானியக் கலை வாள்கள் பாதுகாப்புச் சங்கமான என்பிடிஎச்கே (NBTHK) தரும் சான்றிதழுக்கு அனுப்பும் அளவுக்குத் தேறுமா? அப்புறம், ஓரத்தில் கொஞ்சம் செந்துரு. ரசாயனம் எதுவும் போடவில்லை. பழைய கருமை போனால் மதிப்பும் போச்சு. எலும்புத் துண்டால் மெதுவாகத் தேய்க்கலாம் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.