கூட்டமைப்புக்கு உறுப்பினர் ஆசிரியர் இல்லை, சங்கம்: மொழியாசிரியர் கூட்டமைப்பு நடத்தியவர்களின் அனுபவங்கள்

முன்னாள் செயலாளர்:

மொழியாசிரியர் சங்கங்களைச் சேர்த்துக் கூட்டமைப்பு நடத்தியவர்கள், நடத்துகிறவர்கள், நடத்திப் பார்த்துவிட்டுப் போதும்டா சாமி என்று ஒதுங்கியவர்கள் எல்லோரும் கொஞ்சம் எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

சங்கம் நடத்திப் பழகியவர்கள் கூட்டமைப்புப் பொறுப்புக்கு வந்ததும் திணறுவதற்குக் காரணம் ஒன்றுதான். இங்கே உறுப்பினர் ஆசிரியர் இல்லை, சங்கம். செயலாளராக இருந்த காலத்தில் என் கையில் ஒரு ஆசிரியருடைய மின்னஞ்சல் முகவரிகூடக் கிடையாது. பயிலரங்க அறிவிப்பு என்றால் சங்கச் செயலாளர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிலர் அன்றே உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலரிடமிருந்து பயிலரங்கம் முடிந்த பிறகு "இப்போதுதான் பார்த்தேன்" என்று பதில் வரும். முகவரிப் பட்டியலையே கொடுங்களேன் என்றும் கேட்டுப் பார்த்தோம். ஐரோப்பியச் சங்கங்கள், 2018 மே மாதம் அங்கே தரவுப் பாதுகாப்பு விதிமுறை நடைமுறைக்கு வந்ததைக் காட்டி, உறுப்பினரின் ஒப்புதல் இல்லாமல் தர மாட்டோம் என்றன. நியாயம்தான், என் முகவரியை யாராவது அப்படிக் கொடுத்தால் நானும் சண்டைக்குப் போவேன்.

பிரதிநிதி விஷயம் இன்னும் சுவாரசியம். ஒரு பொதுக்குழுவில் சந்தா உயர்வுத் தீர்மானத்துக்கு ஒருவர் முன்மொழிந்தவரைவிட உற்சாகமாகப் பேசிக் கையும் தூக்கினார். அவர் ஊர் திரும்பிய பிறகு அவருடைய சங்கத்திலிருந்து கடிதம்: அந்த அதிகாரத்தை நாங்கள் அவருக்குக் கொடுக்கவே இல்லை. அதற்கப்புறம்தான் விதி போட்டோம். தீர்மான வாசகம் ஆறு வாரம் முன்பே சங்கங்களுக்குப் போய்விட வேண்டும், பிரதிநிதி தன் சங்கத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு வர வேண்டும், கூட்டத்தில் திடீரென்று எழும் யோசனையைப் பேசலாமே தவிர அன்றே முடிவெடுக்கக் கூடாது. கூட்டம் உப்புச்சப்பில்லாமல் போகிறது என்று முணுமுணுத்தார்கள். போகட்டும்.

பொருளாளராக இருந்தவர்:

செயலாளர் சார் சொன்னதோடு பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று சந்தா வைத்திருக்கும் கூட்டமைப்பில் ஒவ்வொரு சங்கத்துக்கும் இரண்டு உறுப்பினர் எண்ணிக்கை இருக்கும், பணம் கட்டும்போது ஒன்று, அமைச்சகத்துக்கு மனு எழுதும்போது இன்னொன்று. வாக்கும் ஆள் கணக்கில்தான் என்றால் மூன்றாவதாக ஒன்று முளைக்கும். யாரையும் திருடர் என்று சொல்ல வரவில்லை. பாக்கி வைத்தவர், ஓய்வு பெற்றவர், மாணவ உறுப்பினர் இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு முறை, அது அவரவர் வசதிப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் சந்தாவையும் வாக்கையும் ஒன்றோடொன்று கட்டிப் போட்டோம். எத்தனை பேருக்குச் சந்தா வந்ததோ அத்தனை பேருக்குத்தான் வாக்கு. கெடு தேதிக்குள் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகையே சான்று, வேறு பட்டியல் கேட்பதில்லை. ஆளைக் குறைத்துச் சொன்னால் வாக்கு போகும், கூட்டிச் சொன்னால் காசு போகும். எண்கள் தானாக ஒழுங்குக்கு வந்தன.

ஆனால் இரட்டைக் கணக்கு இருக்கிறதே, அது தீராத தலைவலி. பிரெஞ்சும் ஜெர்மனும் கற்பிக்கும் ஒரு ஆசிரியை பிரெஞ்சு ஆசிரியர் சங்கத்திலும் இருப்பார், ஜெர்மன் சங்கத்திலும் இருப்பார், எல்லா மொழிக்கும் பொதுவான தேசியச் சங்கத்திலும் இருப்பார். மூன்றும் கூட்டமைப்பில் உறுப்பு என்றால் அவர் ஒருத்திக்கு மூன்று சந்தா, மூன்று வாக்கு. எந்தச் சங்கத்தின் கணக்கில் வர விரும்புகிறார் என்று புதுப்பிக்கும் படிவத்தில் அவரையே கேட்பதுதான் சரி. அந்த ஒரு வரியைப் படிவத்தில் சேர்க்கச் சங்கங்கள் காட்டிய தயக்கத்தைப் பார்த்தால், சொத்துப் பத்திரத்தைக் கேட்டுவிட்டோமோ என்று தோன்றும்.

வங்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட்டமைப்பு பதிவானது ஒரு நாட்டில், தலைவர் வேறு நாட்டில், பொருளாளர் இன்னொரு நாட்டில். தேர்தல் முடிந்து கையெழுத்து அதிகாரத்தை மாற்றப் போனால் சான்றளித்த கூட்டக் குறிப்பு, அடையாள ஆவணம், நேரில் வா என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே தேர்தலில் மாறாதபடி பதவிக்காலத்தை மாற்றி மாற்றி வையுங்கள்.

சிறிய மொழிச் சங்கத்தின் பிரதிநிதி:

பொருளாளர் சார், உங்கள் கணக்கு கச்சிதம். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் இடமே இல்லை. ஆள் கணக்கில் வாக்கு என்றால் ஆங்கில ஆசிரியர் சங்கம் ஒன்றே மற்ற எல்லோரையும் சேர்த்துத் தோற்கடித்துவிடும். அப்புறம் மாநாட்டில் எங்கள் மொழிக்கு மாலை கடைசி அமர்வு, காலி அறை.

சங்கத்துக்கு ஒரு வாக்கு என்பதும் தீர்வில்லை, அதையும் பார்த்தாயிற்று. ஒரு நாட்டில் எல்லா மொழி ஆசிரியரும் ஒரே சங்கமாக இருக்கிறார்கள், ஒரு வாக்கு. பக்கத்து நாட்டில் மொழிக்கொரு சங்கம், ஐந்து வாக்கு. ஒற்றுமையாக இருந்தவனுக்கு அபராதம்! சில வருடத்தில் ஒன்றாக இருந்தவர்களும் பிரிய யோசிப்பார்கள். நாங்கள் சண்டை போட்டு வாங்கியது இரட்டைப் பெரும்பான்மை. சாதாரணத் தீர்மானத்துக்கு ஆள் கணக்கு போதும். விதித் திருத்தம், சந்தா, புதுச் சங்கத்தைச் சேர்ப்பது இந்த மூன்றுக்கும் சங்கங்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும். அதோடு ஒரு சங்கத்தின் வாக்குக்கு உச்சவரம்பு உண்டு.

பழைய கோப்பு படிப்பவர்:

இந்தச் சண்டை புதிதல்ல. எஃப்.ஐ.பி.எல்.வி. என்ற உயிர்மொழி (இன்று பேசப்படும் மொழி) ஆசிரியர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1931இல் பாரிசில் தொடங்கியது. அதில் பல மொழி ஆசிரியர்களைக் கொண்ட தேசியச் சங்கங்களும் உண்டு, ஒரு மொழிக்கான பன்னாட்டு அமைப்புகளும் உண்டு. பொருளாளர் சொன்ன இரட்டைக் கணக்கின் வேர் இந்த மாதிரி அமைப்பிலேயே இருக்கிறது. 1960களின் கடைசியில் ஒரு மொழி அமைப்புகள் வரிசையாக வந்தன: ரஷ்ய மொழிக்கு மப்ரியால் 1967, ஜெர்மனுக்கு ஐ.டி.வி. 1968, பிரெஞ்சுக்கு எஃப்.ஐ.பி.எஃப். 1969. அதே 1967இல் ஆங்கிலத்துக்காகப் பிரிட்டனில் தொடங்கிய ஐயாடெஃபல் வேறு வழியில் போனது; தனி ஆசிரியரே அதில் நேரடி உறுப்பினர், சங்கங்கள் இணைப்பு அமைப்புகள் மட்டும். செயலாளர் புலம்பிய முகவரிச் சிக்கல் அவர்களுக்கு இல்லை.

என் அபிப்பிராயம், ஒரு மொழி அமைப்புக்குப் பின்னால் அந்த மொழியைப் பரப்ப விரும்பும் அரசோ, ஜெர்மன் மொழியைப் பரப்பும் கேத்தே நிறுவனம் போன்ற அமைப்போ நிற்கும். பல மொழிக் கூட்டமைப்புக்கு அப்படிப் புரவலர் கிடையாது. சந்தாதான் சோறு.

மாநாடு நடத்திய சங்கத்துக்காரர்:

மாநாட்டை யாரும் பேசவில்லையே. கூட்டமைப்பின் பெயரில் மாநாடு, ஆனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் உள்ளூர்ச் சங்கம். லாபம் வந்தால் பங்கு கேட்பார்கள், நஷ்டம் வந்தால் "நீங்கள்தானே நடத்தினீர்கள்". ஐ.டி.வி.யின் உலக மாநாடு நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது; 2021இல் வியன்னாவில் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் 2022க்குத் தள்ளிப்போனது. அவ்வளவு பெரிய அமைப்பு தாங்கும். சின்னச் சங்கம் ஒன்று அதே வருடங்களில் முன்பணத்தை இழந்திருந்தால் கதவையே சாத்தியிருக்கும். எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது முதல் பக்கத்திலேயே இருப்பது நஷ்டப் பங்கீடுதான்: எந்தத் தொகை வரை எங்களுடையது, அதற்கு மேல் எவ்வளவு கூட்டமைப்பின் சேமநிதியிலிருந்து, ரத்து செய்யும் முடிவை யார் எந்தத் தேதிக்குள் எடுப்பது. பதிப்பகங்களின் அரங்கு வாடகை யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், கடைசிச் சண்டை அதில்தான் வரும்.

மொழிபெயர்ப்புக் குழுவில் இருந்தவர்:

ஒரு வரி. அமைப்பு விதிகளை எத்தனை மொழியில் வேண்டுமானாலும் வெளியிடுங்கள், ஆனால் தகராறு வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். அது பெரும்பாலும் பதிவு செய்த நாட்டின் மொழியில் இருப்பதாகத்தான் இருக்கும். மொழியாசிரியர்கள் கூடியிருக்கும் இடத்தில் இதை விட்டால் நாள் முழுக்க வாதாடுவார்கள், நன்றாகவும் வாதாடுவார்கள்.

முன்னாள் செயலாளர்:

அந்த இரட்டைப் பெரும்பான்மை விதியின் வாசகம் இருந்தால் போடுங்கள் மேடம். எனக்குப் பிறகு வந்த செயலாளர் கேட்கிறார், அவர்களுக்குப் பொதுக்குழு அறிவிப்பு அனுப்பக் கெடு நெருங்குகிறது.

சிறிய மொழிச் சங்கத்தின் பிரதிநிதி:

இதோ சார், எங்களுடையது: "அமைப்பு விதித் திருத்தம், சந்தா மாற்றம், புதிய சங்கச் சேர்க்கை ஆகியவை, பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கும், வாக்களித்த சங்கங்களின் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும் ஆதரவாக இருந்தால் மட்டுமே நிறைவேறும். எந்த ஒரு சங்கத்தின் வாக்கும் மொத்த வாக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது." உங்கள் கூட்டமைப்பு பதிவான நாட்டின் சங்கச் சட்டம் உச்சவரம்பை அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.