நிதிப் பயிற்சி வகுப்பிலிருந்து இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு கணம்

உற்பத்திப் பிரிவு மேலாளர்

நிதித் துறை சாராத மேலாளர்களுக்கான மூன்று நாள் பயிற்சி அது. இரண்டாம் நாள் பிற்பகலில் பயிற்றுநர் பலகையில் ஒரு சிறிய கணக்கை எழுதினார். ஒரு நிறுவனத்தின் மாத விற்பனை 100. அதற்கான செலவு 80. செலவு முழுவதையும் அந்த மாதத்திலேயே ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர்களோ மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார்கள். இந்த நிலையில் விற்பனை திடீரென 150ஆக உயர்ந்து, செலவும் அதே விகிதத்தில் ஏறினால், அடுத்த மூன்று மாதங்களில் வங்கிக் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டார்.

முதலில் கையுயர்த்தியவன் நான். மாத இலாபம் 20இலிருந்து 30ஆக உயர்வதால், மூன்று மாதங்களில் கணக்கில் 90 சேர்ந்திருக்கும் என்று உறுதியாகச் சொன்னேன். அவர் மறுத்து எதுவும் பேசவில்லை. வரவு 100, செலவு 120, பற்றாக்குறை 20 என்று மூன்று முறை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கூட்டி, அடியில் 60 என்று போட்டுக் கோடிட்டார். இலாபம் 90, அதே காலத்தில் வங்கியிலிருந்து வெளியேறியது 60.

அந்தக் கோட்டைப் பார்த்த கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் நிதி மேலாளரின் முகம். முந்தைய ஆண்டில், என் பிரிவு அதுவரை இல்லாத அளவு உற்பத்தி செய்த மாதத்தில், மூலப்பொருளுக்கான பணத்தை அவர் இரண்டு வாரம் நிறுத்தி வைத்தார். எல்லாத் துறைத் தலைவர்களும் அமர்ந்திருந்த கூட்டத்தில், “உங்களுக்குத் தொழிலே புரியவில்லை” என்று அவரிடம் சொன்னேன். அவர் கோப்பை மூடி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் பயிற்சிக்குச் செல்வதற்கு முன்பே அவர் வேறு நிறுவனத்திற்குப் போய்விட்டார்.

விற்பனைப் பிரிவுத் தலைவர்

மேலே எழுதிய நண்பர் முழுப் பழியையும் தம் மீதே சுமத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பலகையில் ஐந்து நிமிடத்தில் விளங்கிய ஒன்றை, அந்த நிதி மேலாளரும் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். பணம் இல்லை என்பதை மட்டும் சொல்லி, ஏன் இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவதும் குறைதான்.

என் அனுபவம் வேறு. வசூல் நாள்களைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் கேட்டபோது, முப்பது நாள் தவணையில் வாங்குவோர் பத்து நாளுக்குள் பணம் செலுத்தினால் 2 சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்தேன். வசூல் விரைந்தது, பாராட்டும் கிடைத்தது. பயிற்சியில் அதை ஒரு வெற்றியாகவே எடுத்துரைத்தேன். பயிற்றுநர் கணிப்பானை என்னிடமே கொடுத்துப் போடச் சொன்னார். 98 அலகுப் பணத்தை இருபது நாள் முன்னதாகப் பெறுவதற்கு 2 அலகை விட்டுக்கொடுக்கிறோம். இரண்டைத் தொண்ணூற்றெட்டால் வகுத்து, 365ஐ இருபதால் வகுத்து வந்ததோடு பெருக்கினால் ஆண்டுக்கு 37 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. எங்கள் வங்கிக் கடனின் வட்டி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கணிப்பானின் திரையை நான் இருமுறை அழித்து மீண்டும் போட்டுப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் காத்திருந்தது.

திட்ட மேலாளர்

என்னை உறுத்துவது என் பணம் அல்ல, இன்னொருவரின் திட்டம். எங்கள் பிரிவில் ஓர் இளம் பெண் பொறியாளர் புதிய இயந்திரம் ஒன்றுக்காகத் தயாரித்த முதலீட்டு முன்மொழிவை மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதன் வடிவத்தை மட்டும் எளிய எண்களில் சொல்கிறேன், வரியையும் விட்டுவிடுகிறேன். இன்று 1,000 போட்டால் ஓராண்டில் 1,150 வரும். பாதிப் பணம் 10 சதவீத வட்டிக் கடன்; மீதிப் பாதி பங்குதாரர்களின் பணம், அவர்கள் எதிர்பார்க்கும் ஈட்டம் 14 சதவீதம்; ஆகவே மூலதனத்தின் சராசரிச் செலவு 12 சதவீதம். நான் 1,150இலிருந்து கடன் வட்டியான 50ஐக் கழித்து, மீதி 1,100ஐ 12 சதவீதத்தில், அதாவது 1.12ஆல் வகுத்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தேன். 982 வந்தது. போட்ட பணத்தைவிடக் குறைவு என்பதால் முன்மொழிவைத் திருப்பி அனுப்பினேன்.

ஓராண்டு கழித்து நடந்த பயிற்சியில், 1958இல் பொருளியலாளர்கள் மோடிக்லியானியும் மில்லரும் எழுதிய கட்டுரையை முன்வைத்து, ஒரு திட்டம் ஈட்டும் பணத்தையும் அதற்கான நிதி எங்கிருந்து வருகிறது என்பதையும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பயிற்றுநர் விளக்கிக்கொண்டிருந்தார். 12 சதவீதத்திற்குள்ளேயே கடன் வட்டி அடங்கியிருப்பதால், வட்டியைப் பண வரவிலும் கழித்துவிட்டு அந்த வீதத்தையும் பயன்படுத்தினால் ஒரே செலவை இருமுறை கழித்ததாகிவிடும் என்றார். குறிப்பேட்டின் ஓரத்தில் அப்போதே போட்டுப் பார்த்தேன். வட்டியைக் கழிக்காமல் 1,150ஐ 1.12ஆல் வகுத்தால் 1,027. திட்டம் தேறியிருக்க வேண்டும்.

“எண்கள் இடம் கொடுக்கவில்லை” என்று நான் சொன்னபோது அந்தப் பெண் என் விரிதாளைக் கேட்கவே இல்லை. நான் தவறியிருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த இயந்திரத்திற்காக ஒதுக்கியிருந்த இடத்தில் அதற்குள் வேறொன்று வந்துவிட்டது.

பயிற்றுநர்

பல ஆண்டுகளாக இத்தகைய வகுப்புகளை நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் கதை சிறியது. ஒரு முறை நேரம் போதாமல் அக ஈட்டு வீதத்தை, அதாவது ஐ.ஆர்.ஆர். என்று எல்லோரும் சொல்லும், போட்ட பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஈட்டுகிறது என்ற அளவை, அரை மணி நேரத்தில் நடத்தி முடித்தேன். சில மாதம் கழித்து ஒரு பங்கேற்பாளர் மகிழ்ச்சியோடு வந்து, ஒரே இடத்தில் ஏதாவது ஒன்றை மட்டுமே செய்யக்கூடிய இரண்டு திட்டங்களில் 30 சதவீதம் தருவதை விட்டு 50 சதவீதம் தருவதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். முதலாவதற்கு 1,000 போட்டால் ஓராண்டில் 1,300 வரும். இரண்டாவதற்கு 100 போட்டால் 150. மூலதனச் செலவு 10 சதவீதம், பணமும் தட்டுப்பாடில்லை. போட்ட பணத்தைக் கழித்தபின், இன்றைய மதிப்பில் அவர் விட்டது ஏறத்தாழ 182, எடுத்தது 36. அவருடைய நன்றியை ஏற்றுக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை.

இனி, விற்பனைப் பிரிவுத் தலைவர் எழுதியதைப் பற்றி. அந்த 37 சதவீதம் சரியான விடைதான். ஆனால் அது எல்லோரும் முப்பதாவது நாளில் பணம் தருவார்கள் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. வாடிக்கையாளர் நடைமுறையில் அறுபதாவது நாளில்தான் தருகிறார் என்றால், தள்ளுபடி ஐம்பது நாள்களை வாங்கித் தருகிறது. செலவு ஆண்டுக்கு 15 சதவீதத்திற்குச் சற்றுக் கீழே வந்துவிடும். வாராக் கடனாக மாறக்கூடியவரிடமிருந்து முன்கூட்டியே பணம் பெறுவதன் பயனையும் சேர்த்தால், அந்தத் தள்ளுபடி நியாயமாகவே இருக்கலாம். உங்கள் பயிற்றுநர் உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது கணிப்பானில் போடும் எண்களை அல்ல, வாடிக்கையாளர் உண்மையில் எந்த நாளில் பணம் தருகிறார் என்பதை.

திட்ட மேலாளருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வரியை விட்டுவிட்டதாக நீங்களே குறிப்பிட்டது நல்லது; அதைச் சேர்க்கும்போது, வட்டியால் கிடைக்கும் வரிச் சலுகையைக் கழிவு வீதத்தில், அதாவது இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் வீதத்தில், சேர்த்துவிட்டுப் பண வரவிலும் சேர்த்தால், அதே இரட்டைக் கணக்கு எதிர்த் திசையில் நிகழ்ந்து, தேறக் கூடாத திட்டம் தேறிவிடும். பணவீக்கமும் அப்படியே. வருங்கால வரவுகளைப் பணவீக்கம் நீக்கி எழுதினால் வீதத்திலும் அதை நீக்கியிருக்க வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் எல்லோரிடமும் நான் வேண்டுவது, சொந்த நிறுவனத்தின் கடந்த இரண்டு ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்பையும் பண ஓட்ட அறிக்கையையும் கையோடு கொண்டு வாருங்கள் என்பதுதான். கற்பனை நிறுவனத்தின் எண்களில் எல்லோரும் சரியான விடை சொல்கிறார்கள். சொந்த நிறுவனத்தின் தேய்மானம் அறிக்கையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் தேடத் தொடங்குகிறார்கள்.

நிதிப் பிரிவில் பணிபுரிபவர்

யாரும் என்னிடம் கேட்கவில்லை என்றாலும், முதல் பதிவுக்கு மறுபக்கத்திலிருந்து பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் அப்படி ஒரு கூட்டத்தில் பேசாமல் இருந்தவன். வர வேண்டிய தொகை 300இலிருந்து 450ஆக ஏறுவதைக் காட்டும் இதே போன்ற அட்டவணை என் மடிக்கணினியில் திறந்தே இருந்தது. அதைத் திருப்பிக் காட்டினால், உற்பத்தி மேலாளரை எல்லோர் முன்னிலையிலும் தாழ்த்துவதாக ஆகிவிடும் என்று அஞ்சினேன். அவர் தனியாக வந்து கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை, நானும் போகவில்லை. ஆகவே விற்பனைப் பிரிவுத் தலைவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கூட்டம் முடிந்த மறுநாளே நான் அவர் அறைக்குச் சென்றிருக்க வேண்டும்.

விற்பனைப் பிரிவுத் தலைவர்

பயிற்றுநர் ஐயாவின் பதிவைப் படித்த பிறகு பழைய பேரேட்டை எடுத்து, தள்ளுபடி அறிவிப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களைப் பார்த்தேன். எல்லா வாடிக்கையாளர்களையும் சேர்த்தால் சராசரியாக 45 நாளில் பணம் வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் தள்ளுபடியின் செலவு 21 சதவீதம்தான் என்று முதலில் ஆறுதல் அடைந்தேன். பிறகு தள்ளுபடியை ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்களை மட்டும் தனியே பிரித்தேன். ஏறக்குறைய அனைவரும் முன்பே முப்பது நாளுக்குள் ஒழுங்காகச் செலுத்தி வந்தவர்கள். எழுபது, எண்பது நாள் இழுத்தவர்களில் ஒருவர்கூடத் தள்ளுபடியைத் தொடவில்லை. முன்கூட்டியே தருவதற்கு அவர்களிடம் பணம் இல்லை. ஆகவே எங்களுக்கு அந்த 37 சதவீதமே பொருந்துகிறது, ஐயா. அந்தப் பட்டியலை நாளை எங்கள் நிதி மேலாளரிடம் கொண்டு போகிறேன்.