மறு: டேண்டம் ரிப்பீட்டுக்கு ‘அடுக்குத்தொடர்’னே வெச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம், டர்பன்லேர்ந்து எழுதுறேன். டிஎன்ஏவுல ஒரே எழுத்துத்துண்டு அடுத்தடுத்து திரும்பத் திரும்ப வர்றதை இங்கிலீஷ்ல டேண்டம் ரிப்பீட்டுங்கறாங்க, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னுதான் இங்க பேச்சு. மொரீஷியஸ் தம்பி சொன்ன ‘தொடர் மறுநிகழ்வு’ல தப்பில்ல, ஆனா மறுநிகழ்வுன்னா ஏதோ ஒரு சம்பவம் திரும்ப நடக்குற மாதிரி கேக்குது. டிஎன்ஏவுல அப்படி ஒண்ணும் நடக்கல, ஒரே எழுத்துத்துண்டு பக்கத்து பக்கத்துல ஒட்டி உக்காந்திருக்கு, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை சாட்ஸ்வர்த் தமிழ் வகுப்புல போர்டுல ‘பாம்பு பாம்பு பாம்பு’ன்னு எழுதி, கீழயே டிஎன்ஏவோட மூணு எழுத்தை சி-ஏ-ஜி சி-ஏ-ஜி சி-ஏ-ஜின்னு எழுதினேன். ஒரு பொண்ணு உடனே “ரெண்டுமே அடுக்குத்தொடர் டீச்சர்”னா. எனக்கு அப்பவே முடிவாயிடுச்சு. இரட்டைக்கிளவின்னு சொல்லலாமான்னு ஒரு அக்கா கேட்டிருந்தீங்க, ‘சலசல’வைப் பிரிச்சா பொருள் போயிடும், ஆனா ‘பாம்பு’ தனியா நின்னாலும் பொருள் தர்ற மாதிரி, ஹண்டிங்டன்ங்கற பரம்பரை மூளை நோய்க்கான ஜீன்ல ஒரு சி-ஏ-ஜி தனியாவே குளுட்டமின்ங்கற அமினோ அமிலத்தைக் குறிக்கும். எல்லா அடுக்கும் இப்படிப் பொருள் தராது, இருந்தாலும் அடுக்குங்கற சொல்லே முக்கியமா வேணும்.

ஏன்னா இங்க கேள்வியே எத்தனை அடுக்குங்கறதுதான், அதை ‘அடுக்கெண்’னு சொல்லலாம். ஹண்டிங்டன்ல 26 வரைக்கும் சாதாரணம், 40ஐத் தொட்டா நோய் வரும். எண்ணுறதுதான் கஷ்டம். வழக்கமான மெஷின் டிஎன்ஏவை 150 எழுத்துத் துண்டா படிக்குது, 60 சி-ஏ-ஜின்னா 180 எழுத்து ஆச்சே, துண்டு முழுக்க சி-ஏ-ஜியாவே இருந்தா அடுக்கு எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டு பக்கத்துக் கரையும் ஒரே துண்டுல விழணும், அதுக்கு ஆயிரக்கணக்கான எழுத்தை ஒரே மூச்சுல படிக்கிற நீள்வாசிப்பு மெஷின் உதவுது.

தென்னாப்பிரிக்காவுல இது வெறும் சொல் விவாதம் இல்ல. ஹண்டிங்டன் மாதிரியே கை கால் ஆட்டமும் மனக்கோளாறும் வர்ற இன்னொரு நோய் ஆப்பிரிக்க வம்சாவளியினர்கிட்ட இருக்கு, அது 16ஆம் க்ரோமோசோம்ல இருக்கிற வேற அடுக்குத்தொடர் நீண்டு வர்றது. ஹண்டிங்டன் ஜீன் இருக்கிற 4ஆம் க்ரோமோசோமை மட்டும் பாத்துட்டு ‘ஒண்ணுமில்ல’ன்னு அனுப்பினா அந்தக் குடும்பத்துக்குக் காரணமே தெரியாம போயிடும்.

அலு (Alu)ங்கற டிஎன்ஏ துண்டு மாதிரி, ஒட்டி வராம அங்கங்க பத்து லட்சத்துக்கு மேல சிதறிக் கிடக்குற படிகளை இதோட சேக்க வேணாம், அதுக்கு ‘சிதறுபடி’ன்னு தனியா வெக்கலாம். ‘அடுக்கெண்’ணுக்கு இன்னும் நல்ல சொல் இருந்தா சொல்லுங்க, ‘அடுக்குத்தொடர்’ மட்டும் நான் விடமாட்டேன்.