கழிவுநீர் லைனுக்கு ரப்பர் லைனிங் பட்டர்ஃப்ளை வால்வு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

காங்கேயம், ஆலைப் பராமரிப்பு:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதானால் அப்புறம் திட்டுங்கள்.

எங்களுடையது தேங்காய் எண்ணெய் ஆலை. கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பகுதியில் இருந்த பழைய ஸ்லூஸ் வால்வுகள் ஒவ்வொன்றாக இறுகிப்போனதால் எட்டையும் பட்டர்ஃப்ளை வால்வாக மாற்ற முடிவு செய்தோம். பைப்புக்குள் டிஸ்க் என்கிற வட்டத் தட்டு, ஷாஃப்ட் என்கிற தண்டோடு சேர்ந்து திரும்பித் திறந்து மூடும் வகை அது. பர்ச்சேஸுக்கு இண்டென்ட் (வாங்கக் கேட்கும் சீட்டு) எழுதியவன் நான்தான். "பட்டர்ஃப்ளை வால்வு, 200 எம்எம், ஃபிளேஞ்ச் டைப், ரப்பர் லைனிங், கழிவுநீருக்கு, 8 எண்ணம்." அவ்வளவுதான். மூன்று கொட்டேஷன் வந்தது, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போனது. எந்தக் கழிவுநீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று மாதம் பூப்போலத் திரும்பின. நாலாவது மாதம், எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கு முன்னால் இருந்த இரண்டு வால்வுகள் மட்டும் இறுக ஆரம்பித்தன. ஒரு ஆளால் கியர் வீலைச் சுற்ற முடியவில்லை. ஷிஃப்ட் ஆபரேட்டர் வீலில் இரண்டடி பைப்பைச் செருகிச் சுற்றினார். சுற்றியது. ஆனால் திரும்பியது ஷாஃப்ட் மட்டும்தான். டிஸ்க்கை ஷாஃப்டோடு பிடித்திருந்த 'பின்' ஆணி உள்ளே முறிந்திருந்தது. வெளியே முள் 'மூடியது' என்று காட்டுகிறது, உள்ளே டிஸ்க் பாதி திறந்து கிடக்கிறது. தொட்டி வழிந்து ஷெட் வரை வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

கழற்றிப் பார்த்தால் ரப்பர் இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் கீறினால் கையோடு வருகிறது. வந்திருந்தது இபிடிஎம் ரப்பர். சாதாரணத் தண்ணீர், காரம், நீர்த்த அமிலம் எல்லாவற்றையும் அது தாங்கும். எண்ணெயும் கொழுப்பும்தான் அதற்கு ஆகாது. அந்த இடத்துக்கு எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் கேட்டிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எண்ணெய் பிரித்த பிறகு வரும் லைனில் போட்ட மற்ற ஆறு வால்வுகளும் இன்றுவரை ஓடுகின்றன. அதே தயாரிப்பு, அதே ரப்பர்.

இரண்டு ரப்பரும் கறுப்புதான், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது புதுச் சரக்கு வந்தால் ஸ்பேராக வரும் ரப்பரின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, எடை பார்த்து, எங்கள் எண்ணெயிலேயே மூன்று நாள் ஊறவைத்து மறுபடி எடை பார்க்கிறேன். பர்ச்சேஸில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சென்னைப் புறநகர், அடுக்குமாடிக் குடியிருப்பு எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய) ஆபரேட்டர்:

அண்ணா, உங்களுக்கு எண்ணெய் என்றால் எங்களுக்குத் துணி.

எங்கள் பிளாண்டைக் கட்டியவர்கள் பார் ஸ்க்ரீனுக்கு (குப்பை பிடிக்கும் கம்பித் தடுப்பு) முன்னால், நேரடியாகச் சாக்கடை வருகிற லைனிலேயே பட்டர்ஃப்ளை வால்வைப் போட்டுவிட்டுப் போனார்கள். ரப்பரெல்லாம் சரியான ரப்பர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வால்வில், கதவை முழுசாகத் திறந்து வைத்தாலும் கதவு வாசலுக்கு நடுவிலேயே நிற்கும். வருகிறவன் எல்லாம் அதில் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். முடி, நாப்கின், கிழிந்த துணி, சமையலறைத் துடைப்பான், எல்லாம் டிஸ்க்கிலும் ஷாஃப்டிலும் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை கழற்றியபோது ஒரு முழுப் பெட்டிகோட் வந்தது.

பம்ப் ரிப்பேருக்காக ஒரு நாள் அந்த வால்வை மூடினேன். கடைசிப் பத்து டிகிரி மூடவே இல்லை. நீர் திரும்பாமல் தடுக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்விலும் அதே குப்பை. வெட்வெல்லில் (சாக்கடை சேரும் கிணறு) அளவு ஏற ஏற, கழற்றின பம்ப் இருந்த இடம் வழியாக மொத்தமும் என் காலுக்கு வந்தது. பூட்ஸுக்குள் என்ன நிரம்பியது என்று எழுத வேண்டாம்.

இப்போது ஸ்க்ரீனுக்கு முன்னால் நைஃப் கேட் வால்வு. அதன் பிளேடு மேலே ஏறிக்கொள்வதால் வழியில் எதுவும் நிற்காது. கிளாரிஃபையரை (வண்டல் படியவிடும் தொட்டி) தாண்டிய பிறகு, ஃபில்டருக்குப் போகிற லைன், ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷ் லைன் எல்லாம் பட்டர்ஃப்ளைதான். அங்கே அதை அடித்துக்கொள்ள வேறு வால்வு இல்லை. இடமும் கம்மி, கால் திருப்பில் மூடிவிடும்.

மதுரை, பைப்லைன் காண்ட்ராக்ட்:

இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் பைப்பைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஒரு வேலையில் 225 எம்எம் ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பைப், பிஎன் 16, அதாவது 16 பார் அழுத்த வகை. அதில் டிஎன் 200 (200 எம்எம் சைஸ்) வேஃபர் வால்வு, தனக்கென்று ஃபிளேஞ்ச் (போல்ட் போடும் துளை வளையம்) இல்லாதது. பைப் முனையில் ஸ்டப் எண்டு என்கிற கழுத்துத் துண்டை ஒட்டி, ஃபிளேஞ்ச் சேர்த்து, போல்ட் எல்லாம் முறுக்கி முடித்தாயிற்று. வால்வைத் திறந்தால் 'டக்' என்று பாதியில் நிற்கிறது. எங்கள் ஆட்கள் வால்வு பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பவே தயாராகிவிட்டார்கள்.

பழுது வால்வில் இல்லை. பிஎன் 16 பைப்பின் சுவர்க் கனம் 20.5 எம்எம். இரண்டு பக்கமும் கழித்தால் உள் விட்டம் 184. வால்வின் டிஸ்க் கிட்டத்தட்ட 197 எம்எம், வேஃபர் பாடியின் அகலம் 60 எம்எம். டிஸ்க் நேராகத் திரும்பி நிற்கும்போது பாடிக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஃபிளேஞ்ச் முகத்தில் அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கணக்குதான்: 197-இன் வர்க்கத்திலிருந்து 60-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 187-க்கு மேல் வரும். 184-இல் 187 எப்படி நுழையும்? கடைசியில் ஸ்டப் எண்டின் உள் விளிம்பைச் சாய்வாகக் கடைந்துதான் தப்பித்தோம். அதே லைனுக்கு பிஎன் 10 பைப் போட்டிருந்தால் உள் விட்டம் 198, பிரச்சினையே வந்திருக்காது.

இரு பக்கமும் ஃபிளேஞ்ச் வைத்த வால்வு என்றால் கதை வேறு. குட்டை வகையிலேயே டிஎன் 200-க்கு நீளம் 152 எம்எம். அதே கணக்கைப் போட்டால் 125 எம்எம் இடம் போதும். டிஸ்க் பெரும்பாலும் பாடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். விலை கூடத்தான். ஆனால் ஹெச்டிபிஇ லைன், உள்ளே ரப்பர் பூசிய பைப், சிமெண்ட் பூசிய பைப் என்றால் நான் இப்போது அதைத்தான் கேட்கிறேன். இன்னொரு லாபமும் உண்டு. வேஃபர் வால்வு இரண்டு ஃபிளேஞ்சுக்கு நடுவில் நசுங்கி நிற்பது. ஒரு பக்கத்துப் பைப்பைக் கழற்றினால் வால்வும் கூடவே கையில் வந்துவிடும். ஃபிளேஞ்ச் வைத்தது தன் போல்ட்டில் நிற்கும்.

அப்புறம் இரும்புப் பைப் வெல்டர்கள். வால்வை நடுவில் வைத்து அளவு பார்த்து டேக் (அங்கங்கே புள்ளி வெல்டிங்) அடிப்பது சரி. உடனே வால்வை வெளியே எடுத்துவிட வேண்டும். அங்கேயே முழு வெல்டிங் ஓட்டினால் ரப்பர் வெந்துவிடும். சாப்பாட்டு வேளையில் நான் இல்லாத நேரம் பார்த்து இதைச் செய்து இரண்டு வால்வுகளைக் கருக்கினார்கள். ரப்பர் ஃபிளேஞ்ச் முகம்வரை மடிந்து வருகிற வால்வுக்குத் தனியாக கேஸ்கெட்டும் (கசிவு தடுக்கும் வளையம்) வேண்டாம். அந்த ரப்பரே கேஸ்கெட். என் ஆட்கள் பாசத்தில் இன்னொன்றைச் சேர்த்து வைப்பார்கள்.

கோவை, வால்வு அசெம்பிளி:

நான் இந்தக் கதையின் மறுபக்கத்தில் இருப்பவன், அதனால் கொஞ்சம் எங்கள் நியாயத்தையும் கேளுங்கள். காங்கேயத்துக்காரர் எழுதியது போன்ற இண்டென்ட் எங்களுக்கு நாள்தோறும் வருகிறது. ஒன்றும் எழுதாவிட்டால் இபிடிஎம் போடுவதுதான் வழக்கம். பத்தில் எட்டுக்கு அது சரியாகவே இருக்கும் என்பதால் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ரப்பர் வகைக்கு அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது, ரப்பர் பாடியோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது. வார்ப்போடு வைத்து வெப்பத்தில் ஒட்டிய லைனிங் ஒன்று. கழற்றி மாட்டுகிற ஸ்லீவ் இன்னொன்று. ஸ்லீவ் தேய்ந்தால் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பராமரிப்பு ஆட்களுக்கு அதுதான் பிடிக்கும். பம்ப்பின் டெலிவரி பக்கம், அதாவது நீரைத் தள்ளும் பக்கம், தாராளமாகப் போடுங்கள். சக்ஷன் பக்கம் மட்டும் வேண்டாம். உறிஞ்சும் வெற்றிடத்தில் ஸ்லீவ் பாடியை விட்டுப் பிரிந்து உள்ளே சுருண்டுவிடும். அப்படிச் சுருண்ட ஒன்று எங்களிடம் திரும்பி வந்தது. டிஸ்க் ரப்பரைக் கடித்துத் துண்டாக்கி, துண்டு பம்ப்பின் சுழல் சக்கரமான இம்பெல்லருக்குள் போயிருந்தது. சக்ஷனுக்கு ஒட்டிய லைனிங்தான்.

ஃபிளேஞ்ச் துளை விஷயத்தில் 200 எம்எம்தான் எல்லோரையும் ஏமாற்றும் அளவு. 150 வரை பிஎன் 10, பிஎன் 16 இரண்டுக்கும் ஒரே துளை. 200-இல் பிஎன் 10-க்கு எட்டுத் துளை, பிஎன் 16-க்குப் பன்னிரண்டு. 250-இல் இரண்டுக்கும் பன்னிரண்டுதான், ஆனால் பிசிடி (துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 350-உம் 355-உம். பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், போல்ட் போகாது. வால்வு அழுத்தம் பிஎன் 10 என்று எழுதிவிட்டு, பைப் ஃபிளேஞ்ச் பிஎன் 16 துளையில் இருப்பதைச் சொல்லாமல் விடுவார்கள். ஐஎஸ் 13095 (பட்டர்ஃப்ளை வால்வுக்கான இந்தியத் தரம்) என்று மட்டும் எழுதினால் துளை தீர்மானமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். துளையைத் தனியாக எழுதுங்கள், முடிந்தால் பழைய ஃபிளேஞ்சின் பிசிடியை அளந்தே எழுதுங்கள்.

ஸ்டோரில் வைக்கும்போது டிஸ்க்கைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இறுக மூடியே ஒரு வருஷம் கிடந்தால் டிஸ்க் விளிம்பு ரப்பரில் பள்ளம் பதிந்துவிடும். பொருத்தும்போதும் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் முறுக்க வேண்டும். டிஸ்க் மட்டும் பாடியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது.

ராணிப்பேட்டை, சுத்திகரிப்பு நிலைய ஆய்வகம்:

கோவை சார், ரப்பரைச் சொன்னீர்கள், டிஸ்க் என்ன உலோகம் என்பதைச் சொல்லவில்லையே. தோல் பதனிடும் ஊரில் அதுதான் முதல் கேள்வி.

எங்களுக்கு வருகிற நீரில் தோலை ஊறவைத்த நீரின் உப்பு இருக்கும், முடி நீக்கும் வேலையிலிருந்து சுண்ணாம்பும் சல்ஃபைடும் இருக்கும். முதலில் 304 ஸ்டீல் டிஸ்க் வந்தது. உப்பில் உள்ள குளோரைடில் ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாக அரித்தது. சரி என்று 316-க்குப் போனோம். கூடுதல் காலம் தாங்கியது, பிறகு அதே புள்ளிகள், குறிப்பாக ஷாஃப்ட் நுழையும் இடத்தில். யாரோ அலுமினியம் பிரான்ஸ் போடுங்கள், கடல்நீரையே தாங்கும் என்றார்கள். கடல்நீரில் தாங்கும்தான். சல்ஃபைடு உள்ள நீரில் அது போன்ற செம்புக் கலவைகள் கறுத்து அரித்துப்போகும். அவர் சொன்னதைக் கேட்டு வாங்கிய ஒன்று இன்னும் ஆய்வகத்தில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இப்போது டிஸ்க்கும் முழுவதும் ரப்பர் போர்த்தியதாக வாங்குகிறோம். நீர் எந்த உலோகத்தையும் தொடுவதில்லை. இதிலும் ஒரு தொல்லை உண்டு. சுண்ணாம்பு டிஸ்க் விளிம்பில் ஓடு மாதிரி படியும், அதோடு மூடினால் ரப்பரைக் கிழிக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுவதும் திறந்து மூட வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்ட பிறகு அது பாதிக்குப் பாதி குறைந்தது. ஷாஃப்ட் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்த ஷாஃப்ட் என்றால் கீழ்ப் பேரிங்கில் மண் போய் உட்காரும். படுக்க வைத்து, டிஸ்க்கின் கீழ் விளிம்பு நீர் போகும் திசையில் திறக்கும்படி பொருத்தினால் அடியில் தங்கும் வண்டலை நீரே தள்ளிக்கொண்டு போகும்.

சென்னைப் புறநகர், எஸ்டிபி ஆபரேட்டர்:

மேடம், காகிதத்துக்கு வைக்கிற அந்த டிஸ்க்கின் படம் இருந்தால் போடுங்கள், எங்கள் சூப்பர்வைசருக்குக் காட்ட வேண்டும்.

கோவை சாரிடம் ஒரு சந்தேகம். தொட்டிக்குக் காற்று ஊதும் எங்கள் ப்ளோயர் லைனிலும் இதே மாதிரி வால்வுதான். நைட்ரைல் ரப்பர், கல் மாதிரி கெட்டியாகி வெடித்துவிட்டது. அங்கே எண்ணெயும் இல்லை, குப்பையும் இல்லை, வெறும் காற்று.

கோவை, வால்வு அசெம்பிளி:

வெறும் காற்றுதான் தம்பி, ஆனால் ப்ளோயர் அதை அமுக்கும்போது சூடேறும். கோடையில் 90, 100 டிகிரி வரை போகும். நைட்ரைல் ஏறக்குறைய 80-க்கு மேல் தாங்காது. உங்கள் இரும்புப் பைப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடிந்தால் சொல்லுங்கள். எண்ணெய் கலக்காத ப்ளோயர் என்றால் அங்கே அதிக வெப்பம் தாங்கும் இபிடிஎம் போதும். எண்ணெய் ஆவி வருமானால் 'விட்டான்' என்கிற ரப்பர், விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

காங்கேயம், ஆலைப் பராமரிப்பு:

எல்லோருக்கும் நன்றி. கெட்டுப்போன இரண்டுக்குப் பதிலாக நைட்ரைல் வாங்க இண்டென்டைப் புதிதாக எழுதி அனுப்பினேன். எண்ணெய் கலந்த நீர், சுமார் 50 டிகிரி, பம்ப்பின் டெலிவரி பக்கம், வெற்றிடம் இல்லை, ஒட்டிய லைனிங், குட்டை ஃபிளேஞ்ச் வகை, ஷாஃப்ட் படுக்கைவாட்டில், டிஸ்க் 316, ஃபிளேஞ்ச் பிஎன் 10 துளை, பிசிடி அளந்தது 295, எட்டுத் துளை, ரப்பர் சோதனைச் சான்றிதழ் கட்டாயம். ஒரு பக்கம் முழுக்க வந்தது.

இன்று காலை பர்ச்சேஸிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "சைஸ் எழுதவில்லை."