குறைமாதக் குழந்தைக்குத் தோலில் பூஞ்சைத் தொற்று: உங்கள் அனுபவம் என்ன?

26 வாரத்தில் பிறந்தவளின் அம்மா:

மகள் பிறக்கும்போது 820 கிராம். இரண்டாம் நாள் முதுகும் தொடை இடுக்கும் சிவந்திருந்தன. குறைமாதத் தோல் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், வெந்நீர் பட்டதுபோல் ஏடு ஏடாக உரிந்து கிடந்தது. இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் அதற்குள் கவனித்து டாக்டரை எழுப்பியிருந்தார். அவரை மறக்கவே மாட்டேன்.

தோலைச் சுரண்டிப் பார்த்ததில் கேண்டிடா என்ற பூஞ்சை. ரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் மூன்றையும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். "தோலில்தானே வந்திருக்கிறது, களிம்பு போட்டால் போதாதா?" என்று அழுதேன். டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். நிறைமாதக் குழந்தைக்கு மேல்தோலின் வெளி அடுக்கு பத்துக்கும் மேல் அடுக்கிக் கிடக்கும். இவளுக்கு இரண்டோ மூன்றோதான். பூஞ்சை அதைத் தாண்டி ரத்தத்தில் இறங்கினால் நுரையீரல், மூளை என்று எங்கும் போகும். கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை, அன்றே ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

ஆறாம் நாளே தோல் தெளிந்துவிட்டது. ரத்தக் கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. "நிறுத்திவிடலாமே" என்று கெஞ்சினேன். சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்து, பொட்டாசியத்துக்கும் கிரியாட்டினினுக்கும் அடிக்கடி குத்தி ரத்தம் எடுக்கிறார்களே என்ற தவிப்பு எனக்கு. டாக்டர் அசையவில்லை. 14 நாள் முழுதாகக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தது, வெள்ளைப்படுதலும் இருந்தது. அந்த வழியாகத்தான் தொற்று ஏறியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் உடைந்துபோனேன். "அந்தத் தையல் இல்லாவிட்டால் 26 வாரம்வரை வந்திருப்பாளா அம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைத் தூங்கவிட்டது.

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்:

உங்கள் டாக்டர் செய்தது சரி. 1,000 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தோலில் தெரிவது பல நேரம் முதல் எச்சரிக்கைதான். நாங்கள் ஒவ்வொரு முறை திருப்பிப் படுக்கவைக்கும்போதும் கழுத்து மடிப்பு, அக்குள், பிளாஸ்டர் ஒட்டிய இடம் எல்லாம் பார்ப்போம். பிளாஸ்டரை இழுத்தாலே தோல் கூட வந்துவிடும், அந்தப் புண் பூஞ்சைக்கு வாசல். தோல் காய்கிறதே என்று பெற்றோர் எண்ணெயோ களிம்போ தடவக் கேட்பார்கள். எங்களைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள், ஈரம் தேங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

31 வாரத்தில் பிறந்தவனின் அப்பா:

எங்களுக்கு இவ்வளவு கடுமை இல்லை. ஆன்டிபயாட்டிக் முடித்து வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் டயப்பர் இடத்தில் ரத்தச் சிவப்பு, மடிப்புக்குள்ளும். சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தனிச் சிவப்பு. மடிப்புக்குள் இருந்தால் வெறும் ஈரப்புண் இல்லை, பூஞ்சை என்று சந்தேகப்பட வேண்டுமாம். வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு கலந்த படைக் களிம்பைப் பூசப் போனேன். அக்காதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். அந்த மெல்லிய தோல் ஸ்டீராய்டை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பிறகு டாக்டரும் சொன்னார். அவர் வாயையும் திறந்து பார்த்தார், நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளை. வாய்க்கு நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துச் சொட்டு, கீழே நிஸ்டாட்டின் களிம்பு, பால் கொடுக்கும் மனைவிக்கும் மார்புக் காம்பில் மருந்து. அவளுக்கும் சேர்த்துப் பார்க்காமல் இருந்திருந்தால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருந்திருக்கும்.