வார்ஃபரின் சாப்பிட்டால் எடை ஏறுமா?

கேள்வி (செந்தூல்):
அம்மாவுக்கு இதயத்துடிப்பு சீராக இல்லையென்று ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை அளவு) 2-3க்குள் நிற்கிறது, ஆனால் மூன்று மாதத்தில் 4 கிலோ ஏறிவிட்டது. கீரையை அடியோடு விட்டுவிட்டார். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில் 1:
நிறுத்தவே கூடாது தம்பி, ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். வார்ஃபரின், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே வேலையைத் தடுக்கும், கொழுப்பைச் சேர்க்காது. எடை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். காலையில் சிறுநீர் போனபின், பசியாறுமுன், ஒரே தராசில் நிறுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்துங்கள். குழி நின்றாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பதில் 2:
மெதுவாக ஏறினால் தட்டைப் பாருங்கள். கங்கோங் கீரை போன இடத்தில் சோறும் ரொட்டி சானாயும் வந்திருக்கும், கூடவே பால் டின் ஊற்றிய தே தாரிக். கீரைக்குத் தடை கிடையாது (இந்த வதந்தி சாகவே மாட்டேன் என்கிறது!), வாராவாரம் ஒரே அளவாக இருந்தால் போதும். ஆனால் கீரையில் வைட்டமின் கே இருப்பதால், திடீரென்று நிறையத் தொடங்கினால் ஐஎன்ஆர் இறங்கும். அரசு ஆஸ்பத்திரி வார்ஃபரின் கிளினிக் பார்மசிஸ்டிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சமாகத் தொடங்குங்கள், ரத்தச் சோதனையை முன்கூட்டியே வைப்பார்கள்.

பதில் 3:
தைராய்டையும் சோதிக்கச் சொல்லுங்கள் அண்ணே. அது குறைந்தால் எடை கூடும், வார்ஃபரின் அளவும் கூடுதலாகத் தேவைப்படும். தைராக்சின் (தைராய்டு குறைவுக்கான மாத்திரை) தொடங்கியதும் ஐஎன்ஆர் எகிறும். பசார் மாலாம் (இரவுச் சந்தை) மெலிவு டீ பக்கம் போகாதீர்கள். எடை குறைக்கும் மாத்திரையான ஓர்லிஸ்டாட்டும் வைட்டமின் கே உறிஞ்சலைக் குறைக்கும், ஐஎன்ஆர் ஏறலாம். ஈறில் ரத்தம், கறுப்பு மலம் கண்டால் காத்திருக்க வேண்டாம்.