பக்கத்து வீட்டுத் தீபாவளிப் பலகாரத்தை அம்மா வாங்க மறுத்துவிட்டார்; இதை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: விளவங்கோட்டுக்காரன்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு வடக்கே, ரப்பர் விளைகளுக்கு நடுவே இருக்கிறது. நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். வேலிக்கு அப்பால் இருப்பது ஓர் இந்துக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மா தீபாவளிக்கு முந்திரிக்கொத்தும் திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டையும் ஓர் எவர்சில்வர் தூக்குவாளியில் கொண்டுவருவார். அந்த வாளி எங்கள் வீட்டிலிருந்து ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. கிறிஸ்துமஸ் என்றால் அச்சுமுறுக்கும் கேக்கும், ஒன்றுமில்லாத நாளில் நான்கு மட்டிப்பழமாவது வைத்துத்தான் அம்மா கொடுப்பார்.

சென்ற ஆண்டு முதல் அம்மா ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடவே கூடாது என்று அங்கே பிரசங்கித்திருக்கிறார்கள். இந்தத் தீபாவளியன்று பெரியம்மா வாசலுக்கு வந்தபோது, "இனிமேல் எங்களுக்கு வேண்டாம் அக்கா" என்று அம்மா நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டார். பெரியம்மா எதுவும் பேசவில்லை. திறந்த வாளியின் மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு திரும்பிப் போனார். அதன்பின் இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அம்மாவின் நம்பிக்கையைப் பரிகசிக்க எனக்கு விருப்பமில்லை. பெரியம்மாவை இழக்கவும் மனமில்லை. வேதம் இதைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது? உங்கள் வீடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1: ஓய்வுபெற்ற ஞாயிறுபள்ளி ஆசிரியர்

தம்பி, உங்கள் அம்மா கேட்ட பிரசங்கம் வேதத்தில் இல்லாததன்று. ஆனால் வேதத்தில் உள்ளதில் அது பாதிதான். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில், புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவரிலிருந்து, வந்த விசுவாசிகள் விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றுக்கு விலகியிருக்க வேண்டும் என்று எருசலேமில் கூடியவர்கள் எழுதியனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 55ஐ ஒட்டி, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8ஆம் அதிகாரமும் 10ஆம் அதிகாரமும் இதே சிக்கலைத்தான் எடுத்துப் பிரித்துப் பார்க்கின்றன. கொரிந்து பட்டணத்தில் கோயில்களை ஒட்டியே விருந்துக்கூடங்கள் இருந்தன. கடையில் தொங்கிய இறைச்சியில் எது பலியிட்டது, எது சாதாரணமானது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. விருந்துக்கு அழைக்கிற அண்டை வீட்டாரில் பலர் பழைய தெய்வங்களை வணங்குகிறவர்கள்.

பவுல் இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்கவில்லை. கோயில் பந்தியில் உட்காருவதை அவர் கண்டிக்கிறார். கர்த்தருடைய மேசையோடு அதைக் கலக்க முடியாது என்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கலாம் என்கிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, உங்களுக்கும் போக மனமிருந்தால், முன்னால் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்று 10:27இல் சொல்லிவிட்டு, இது படைத்தது என்று ஒருவர் அறிவித்தால் மட்டும், அறிவித்தவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதிருங்கள் என்று அடுத்த வசனத்தில் நிறுத்துகிறார். பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 28ஐ எடுத்துப் பிரசங்கிக்கிறவர்கள் 27ஐ வாசிப்பதே அபூர்வம்.

அதற்காக 27ஐ எடுத்துக்கொண்டு அம்மாவை வாதத்தில் மடக்கிவிடாதீர்கள். அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும் என்று 8ஆம் அதிகாரம் தொடங்குவது, உங்களைப் போல் 'தெரிந்தவர்களை' நோக்கித்தான். தயங்குகிறவருடைய மனச்சாட்சியை மிதிக்க உங்களுக்கும் உரிமையில்லை.

பதில் 2: தோவாளை வாசகி

நான் அந்தப் பெரியம்மாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வாளியில் வந்தது படைத்ததுதானா? எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்து சுடும்போது சாமிக்கு உள்ளது தனி வாழையிலைக்குப் போய்விடும். பக்கத்து வேதக்கார வீட்டுக்கு உள்ளதை என் மாமியார் வேறொரு சம்புடத்தில் எடுத்து அடுப்பங்கரை மேடையிலேயே வைத்துவிடுவார். அந்தச் சம்புடம் பூஜை அறைக்குள் போனதே கிடையாது. இதை அவர்களிடம் யாரும் விளக்கிச் சொன்னதுமில்லை, அவர்கள் கேட்டதுமில்லை.

அந்தப் பக்கத்திலும் இதே கவனம் உண்டு. என் மகன் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறான். 41 நாள் மண்டல விரதத்துக்குள்தான் டிசம்பர் 3ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவும் வருகிறது, கிறிஸ்துமஸும் வருகிறது. ஆகவே பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்குப் பழமும் முட்டை சேர்க்காத கேக்கும் மட்டும் தந்துவிட்டு, அவன் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய பின் பிரியாணிக்கு அழைக்கிறார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ஜனவரியில்தான் வரும். பங்குனியில் எங்கள் கோயில் கொடைக்குக் கிடா வெட்டும்போது அவர்கள் தவக்காலத்தில் இருப்பார்கள் என்பதால், ஈஸ்டர் முடியும் வரை நாங்கள் கறி கொடுத்தனுப்புவதில்லை.

ஒன்றை மறுத்தால் உறவு போய்விடும் என்பதுமில்லை. அவ்வையார் நோன்புக் கொழுக்கட்டையை எங்கள் வீட்டு ஆண்கள் கண்ணிலேயே காட்டுவதில்லை. அதற்காக என் கணவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பெரியம்மாவுக்கு வருத்தம் பலகாரத்தைப் பற்றியதாக இருக்காது. உள்ளே அழைக்காமல் வாசலிலேயே திருப்பியனுப்பியதைப் பற்றியதாக இருக்கும்.

பதில் 3: அருமனைவாசி

நான் வளர்ந்தபின் விசுவாசத்துக்கு வந்தவன். என் அண்ணன்மார் இன்றும் குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள். படையலை நான் சாப்பிடுவதில்லை. ஆனால் ஓணத்தன்று காலையிலேயே அண்ணன் வீட்டுக்குப் போய்த் தேங்காய் துருவி, பந்தியில் பரிமாறி, அவியலும் எரிசேரியும் பப்படமும் பாயசமுமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். பூஜை நேரத்தில் நான் முற்றத்தில் இருப்பேன் என்பது அண்ணிக்குத் தெரியும், என்னைக் கூப்பிடமாட்டார்.

பதில் 4: கடலோரத்தான்

மண்டைக்காட்டுக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். 1982 மார்ச்சில், அம்மன் கோயில் திருவிழாவான மாசிக் கொடை நாட்களில், இங்கே இந்து-கிறிஸ்தவக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தபோது எனக்குப் பதினோரு வயது. அதற்கு முன்பெல்லாம் அப்பாவின் கூட்டாளி ஒருவர் கொடைக் கடையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் வரவில்லை. மூன்றாம் ஆண்டு அப்பா ஒரு நெய்மீனை ஓலையில் பொதிந்து, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். செவ்வாய், வெள்ளியில் அந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பதை நினைவில் வைத்துப் புதன்கிழமையாகப் பார்த்துப் போனார். மேடை போட்டு நடக்கிற நல்லிணக்க விருந்துகளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தப் புதன்கிழமைதான் எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்றையும் இளைஞர்கள் அறிய வேண்டும். இந்த மண்ணில் பந்தியைப் பிரித்த பழைய சுவர் சாதி. சாதிகள் சேர்ந்து உண்ணாத காலத்தில்தான் சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) எல்லோரையும் ஒரே கிணற்றில் நீர் இறைக்கவும் ஒரே பந்தியில் அமரவும் வைத்தார். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு; பக்கத்து வீட்டை விலக்கிவிட்டு இங்கே யாரும் குடியிருக்க முடியாது.

கேட்டவரின் மறுமொழி: விளவங்கோட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன அதிகாரங்களை அம்மாவே முழுவதுமாக வாசித்தார். நான் எதுவும் பேசவில்லை. திருக்கார்த்திகைக்கு முந்தின நாள் நான் பெரியம்மாவிடம் போய், தோவாளை அக்கா சொன்னபடியே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "உன் அப்பாவைப் பெற்ற பாட்டி, நான் கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருடமே சொல்லிவிட்டாள், படைத்தது மட்டும் வேண்டாம் என்று. அன்றிலிருந்து உங்களுக்கு உள்ளது அடுப்பிலிருந்து நேரே வாளிக்குத்தான் வருகிறது" என்றார். அம்மாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. பாட்டியும் சொல்லாமலே போய்விட்டார்.

மறுநாள் பிற்பகல் அம்மா தாமாகவே வேலியைத் தாண்டிப் போய், பெரியம்மாவோடு உட்கார்ந்து பனங்குருத்தோலையில் மாவை வைத்துக் கட்டினார். விளக்கேற்றும் முன்பே தூக்குவாளியோடு வீடு திரும்பினார். வாளி இப்போது எங்கள் அடுக்களையில் இருக்கிறது. அந்த வீட்டு மகனும் மாலை போட்டிருப்பதால், அச்சுமுறுக்கு மாவில் இந்த முறை முட்டை சேர்க்க வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.